விடிய அடம்பிடிக்கும் டீசல் கார்: பம்பில் கை வைக்க முதல்

இன்றைக்குத் திறப்பைத் தொட்டவுடன் பிடிக்கிற கார், நாளைக்கு விடிய பத்துத் தரம் சுற்றியும் பிடிக்காது. பிடித்தாலும் ஒரு நிமிஷம் ஏறி இறங்கித் துடித்துவிட்டு நின்றுபோகும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது. திருகோணமலையில் இன்னும் ஓடுகிற 2சி எஞ்சின் கொரோலா, டவுன்ஏஸ், சிடி17, சிடி20 எஞ்சின் நிஸான் எல்லாவற்றிலும் இந்தக் கோளாறு வரும். அதற்கு வழக்கமாகக் கிடைக்கிற தீர்ப்பு ஒன்றுதான்: "பம்ப் போயிட்டுது, கழற்றிப் பம்ப் ரூமுக்கு அனுப்ப வேணும்."

பம்ப் என்று சொல்வது, டீசலை அமுக்கிச் சிலிண்டர்களிலுள்ள நொசில்களுக்கு அனுப்புகிற டீசல் பம்பை. பம்ப் ரூம் என்பது அதைத் திருத்துகிற இடம். அவசரப்பட்டு ஓம் சொல்லாதீர்கள். உள்ளே தேய்ந்த பம்ப் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் வேலை செய்யாது. தேய்மானம் மாதத்துக்கு மாதம் கூடும், குறைந்து காட்டாது. விட்டு விட்டு வருகிற கோளாறு என்றால் முதலில் இரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். டீசல் வருகிற வழியில் எங்கேயோ எயார் இழுக்கிறது, அல்லது எங்கேயோ கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. கடற்காற்றுப் படுகிற ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. டாங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் உப்பு தின்னும், ஏர்த் வயரின் நுனியையும் தின்னும்.

முதலில் காதும் கண்ணும்

திறப்பைத் திருப்பும்போது ஒருவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கேளுங்கள், அவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும்.

எஞ்சின் சோம்பிச் சுற்றினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம். டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. காற்றை அமுக்கி வருகிற சூட்டில்தான் டீசல் எரிகிறது. மெதுவாக அமுக்கினால் காற்று பிஸ்டன் ரிங் பக்கத்தால் கசிந்துவிடும், சூடும் இரும்புக்குள் போய்விடும், எஞ்சின் பிடிக்காது. இது பற்றரி, வயர், ஸ்டாட்டர் சம்பந்தப்பட்ட கோளாறு.

வேகமாகச் சுற்றியும் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. எயார், கட்-ஓஃப் சொலனொயிட் (கரண்டால் டீசல் வழியைத் திறந்து மூடுகிற உருளை), அடைப்பு மூன்றில் ஒன்று.

வேகமாகச் சுற்றி, கண்ணெரிகிற வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீற்றர் பிளக் (டீசல் எரியும் அறையைச் சூடாக்குவது), கொம்பிரஷன் (காற்றை அமுக்கும் அளவு), டைமிங் (டீசல் பாயும் நேரம்) பக்கம் பாருங்கள்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் சாமான் வாங்கினால் காசு வீண். கூடவே ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: எஞ்சின் ஆறியிருந்ததா சூடா, கார் மேட்டைப் பார்த்து நின்றதா பள்ளத்தைப் பார்த்தா, டாங்கில் எவ்வளவு டீசல், இரவு மழையா. உவர்மலைச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திய இரவுகளில் மட்டும் வருகிற கோளாறும், அன்புவழிபுரத்துச் சமதரையிலும் அப்படியே வருகிற கோளாறும் ஒன்றல்ல. முதலாவது ஏறக்குறைய எப்போதும் எயார்தான்.

பற்றரியிலிருந்து ஸ்டாட்டர் வரை

ஒரு சாதாரண மல்ரி மீற்றர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. திறப்பைத் திருப்பிச் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். 65, 70 ஆம்பியர் அவர் பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் பெற்றோல் காரின் சின்னப் பற்றரியை வைத்துவிட்டு ஸ்டாட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பற்றரி நல்லது, ஆனாலும் சோம்பிச் சுற்றுகிறது என்றால் வயரை அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயத் தூணிலும் மற்றதை எஞ்சின் புளொக்கில் சுரண்டிய இரும்பிலும் பிடியுங்கள். தூணில்தான் பிடிக்க வேண்டும், க்ளிப்பில் இல்லை. இன்னொருவர் ஸ்டாட் பண்ணட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வழியில் தடை இருக்கிறது. இதேபோல பிளஸ் தூணிலிருந்து ஸ்டாட்டரின் பெரிய போல்ட்டுக்கு 0.5க்கு மேல் போகக் கூடாது.

ஏர்த் வயர் வெளியில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். கியர் பொக்ஸில் பூட்டிய முனையைக் கழற்றி, ரப்பர் உறையை ஒரு அங்குலம் வெட்டிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு நிற்கிற கார்களில் செப்புக் கம்பி உள்ளே கறுத்து, பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்க்கப் பொடியாகக் கொட்டும். அதைச் சுரண்டிப் பூட்டிப் பிரயோசனமில்லை, புது வயர்தான் போட வேண்டும். பற்றரி முனைகளை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, துடைத்து, பூட்டிய பிறகு மேலே வாசலின் பூசிவிடுங்கள்.

"டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, ஸ்டாட்டர் சுற்றாமல், ஐந்தாறு தரம் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றினால் அது டொயோட்டாவின் டென்சோ ஸ்டாட்டருக்கே உரிய வருத்தம். பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்டாட்டரின் பின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு செப்புத் துண்டுகள் இருக்கும். ஒன்று தட்டையாக இருக்க, மற்றதில் பிறை வடிவத்தில் குழி விழுந்திருக்கும். உள்ளே பாய்ந்து வருகிற வட்டத் தகடு இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று தேய்ந்தால் தொடுவதும் தொடாததுமாக இருக்கும். அந்தச் செப்புத் துண்டுகளும் தகடும் மாற்றினால் சரி. முழு ஸ்டாட்டரும் வாங்கத் தேவையில்லை.

எயார்

இதைத்தான் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். இந்தப் பழைய எஞ்சின்களில் பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்போல டாங்குக்குள் மோட்டர் இல்லை. இவற்றில் பூட்டியிருக்கிற விஇ (VE) வகை டீசல் பம்ப் தன் வயிற்றுக்குள் இருக்கிற தகட்டுப் பம்பால் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள வழி முழுவதும் உறிஞ்சல்தான். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். நிலத்தில் ஒரு துளி ஈரமும் இல்லாதபடியால் "லீக் இல்லை" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இரவில் அந்த ஓட்டையால் காற்றுப் புகுந்து, குழாயில் நின்ற டீசல் மெல்ல மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும். விடிய பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

கண்ணால் பார்க்க ஒரு வழி: ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதே உள்விட்டத்தில் ஒரு அடி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் போட்டு இறுக்குங்கள். பம்பிலிருந்து டாங்குக்குத் திரும்பும் ரிட்டேன் வழியிலும் இன்னொரு துண்டு. இவை சோதனைக்கு மட்டும். நாள்பட விட்டால் டீசலிலும் சூட்டிலும் இறுகி வெடிக்கும். எஞ்சினை ஓட விடுங்கள். முதல் சில விநாடி மணிபோலச் சின்னக் குமிழிகள் போனால் பரவாயில்லை. ஓடி ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் வரிசையாகக் குமிழி வந்தால், அல்லது ரேஸ் பண்ணும்போது குமிழி திரளாக வந்தால், காற்றுப் போகிற இடம் ஃபில்டருக்கு முன்னால் அல்லது ஃபில்டரில் இருக்கிறது. இரவு நிறுத்தும்போது குழாயில் டீசல் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, விடிய திறப்பைத் தொட முதல் மீண்டும் பாருங்கள். ஒரு சாண் வெறுமையாக இருந்தால் அதுவே போதுமான சாட்சி.

அடுத்தது கான் சோதனை. ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கானில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில், சைலன்சர் பக்கமும் ஃபான் பக்கமும் போகாதபடி கட்டி வையுங்கள். பம்புக்குப் போகும் குழாயையும் ரிட்டேன் குழாயையும் அந்தக் கானுக்குள் விடுங்கள். டாங்கும் ஃபில்டரும் இப்போது வழியில் இல்லை. கார் நின்ற இடத்திலேயே மூன்று நாள் விடிய ஸ்டாட் பண்ணிப் பாருங்கள். மூன்று நாளும் முதல் சுற்றில் பிடித்து, பம்பில் எங்கேயும் ஈரமும் இல்லை என்றால் பம்புக்குக் குற்றமில்லை, கோளாறு டாங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில். அப்படியும் பிடிக்காவிட்டால் பம்பின் மேல் மூடி, அக்சலேட்டர் லீவர் தண்டின் ஓ ரிங் (ரப்பர் வளையம்), நொசில் மேலே ஓடும் ரிட்டேன் பைப் பக்கம் போகலாம். இந்தச் சோதனையில் இன்னொரு நன்மை உண்டு. கான் உயரத்தில் இருப்பதால் பம்புக்குள் எந்நேரமும் டீசல் நிறைந்து நிற்கும். எயார் இழுத்த ஓட்டை பம்பில் இருந்தால் அந்த இடம் இப்போது ஈரமாகும். துடைத்துக் காயவிட்டு, இரவு விட்டு, விடிய விரலால் தடவிப் பாருங்கள்.

தேட வேண்டிய இடங்களை நான் இந்த ஒழுங்கில் பார்க்கச் சொல்லுவேன். முதலில் ஃபில்டர் தலையில் கையால் அமுக்குகிற பம்ப். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வருஷக்கணக்கில் இறுகி வெடிக்கும். அமுக்கி அமுக்கி இறுகி வர வேண்டும். நாற்பது தரம் அமுக்கியும் பஞ்சுபோல் இருந்தால் அதுதான். இரண்டாவது ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீர் சென்சரின் ஓ ரிங். ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ ரிங்கையே திருப்பிப் போட்டுவிடுவார்கள். "ஃபில்டர் மாற்றின பிறகுதான் இந்தக் கரைச்சல் தொடங்கினது" என்று யாராவது சொன்னால் நேரே அங்கே போங்கள். மூன்றாவது ரப்பர் ஹோஸ் நுனிகள். இழுத்தால் கழரும் ஹோஸைக் க்ளிப்பால் இறுக்கிப் பிரயோசனமில்லை, நுனியை வெட்டிவிட்டுப் போட வேண்டும். நான்காவது, பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிற இரும்புக் குழாய். சேறும் உப்பும் தங்குகிற இடம் அது. கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு உதிர்ந்து ஓட்டை தெரியும். கடைசியாக, டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். டாங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, கால்வாசிக்கும் கீழே போனதும் கரைச்சல் கொடுக்கிற கார் என்றால் இதை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியபின் மூச்சு வாங்கி நிற்கிற கார் வேறு. நின்றவுடன் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.

தண்ணீரும் சேறும்

2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசல், மண்ணெண்ணெய் கலந்த டீசல் எல்லாம் பல கார்களுக்குள் போனது. அதன் மிச்சம் டாங்கின் அடியில் இன்னும் இருக்கலாம். தண்ணீர் நின்ற டாங்கில் டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் கிருமி வளர்ந்து கறுத்த வழுவழுப்பாகப் படியும். அது உறிஞ்சு குழாயின் வலையை மூடும், கார் குலுங்கும்போது விலகும், மறுபடி மூடும். அதனால் வருகிற கோளாறும் விட்டு விட்டுத்தான் வரும்.

ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அரை மணி நேரம் ஆட்டாமல் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். வாடை மழைக் காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. ஃபில்டரை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதியதைச் சுத்தமான டீசலால் நிரப்பி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். மண்ணெண்ணெய் கலப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். விஇ பம்புக்கு வேறு ஒயில் இல்லை, டீசல்தான் அதற்கு ஒயில்.

கட்-ஓஃப் சொலனொயிட்

பம்பின் தலையில் ஒற்றை வயர் போகிற உருளை இது. திறப்பைப் போட்டதும் 12 வோல்ட் வந்து டீசல் வழியைத் திறக்கும், எடுத்ததும் மூடும். திறப்பைப் போட்டு, வயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். தொடும் ஒவ்வொரு தரமும் "டிக்" கேட்க வேண்டும். இது போதாது. சில கார்களில் திறப்புப் போட்டதும் 12 வரும், ஸ்டாட் பண்ணும் நேரம் மட்டும் வராது. திறப்பின் பின்னாலுள்ள சுவிச்சின் தேய்மானம் அது. ஆகவே ஸ்டாட் சுற்றும்போதே அந்த வயரில் அளக்க வேண்டும். காரோடு வராமல் பிற்பாடு பூட்டிய அலாரம் இருந்தால் அதன் ரிலேயும் பல தடவை இந்த வயரில்தான் இடையில் வெட்டிப் போட்டிருக்கும். டேப் சுற்றிய அந்தப் பொருத்து உப்புக் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும்?

உறுதிப்படுத்த, பற்றரி பிளஸிலிருந்து பியூஸ் போட்ட தனி வயர் ஒன்றை நேரே சொலனொயிட்டுக்குக் கொடுத்து சில நாள் ஓடிப் பாருங்கள். நிறுத்த வேண்டுமென்றால் அந்த வயரைக் கழற்ற வேண்டும், திறப்பால் நிற்காது. காரில் ஏறுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஹீற்றர் பிளக்

இங்கே குளிரில்லை, ஹீற்றர் பிளக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எஞ்சின்களில் டீசல் முதலில் பக்க அறை ஒன்றில்தான் எரியத் தொடங்குகிறது. அந்த அறையின் சுவர் ஆறியிருந்தால் நம் ஊர் வெக்கையிலும் விடிய ஹீற்றர் பிளக் வேலை செய்யத்தான் வேண்டும். நான்கில் ஒன்று செத்தால் பிடித்த பிறகு அரை நிமிஷம் ஒரு சிலிண்டர் மிஸ் பண்ணி வெள்ளைப் புகை தள்ளும், பிறகு சரியாகிவிடும். இணைப்புத் தகட்டைக் கழற்றி, பற்றரி பிளஸில் பிடித்த டெஸ்ட் லாம்பின் நுனியை ஒவ்வொரு பிளக்கிலும் தொடுங்கள். எரியாதது செத்தது. வாங்கும்போது பழையதில் பொறித்த வோல்ட்டைப் பாருங்கள். 6 வோல்ட் வகைக்கான சிஸ்டமும் உண்டு, 12 வோல்ட் வகைக்கான சிஸ்டமும் உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்று எரிந்து போகும், அல்லது சூடே ஏறாது.

பிடிக்க மறுக்கும் எஞ்சினுக்கு அடிக்கிற ஈதர் ஸ்ப்ரேயை இந்த எஞ்சின்களில் அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் ரிங் உடையும். தள்ளி ஸ்டாட் பண்ணுவதும் பழைய டைமிங் பெல்ட்டுக்கு நல்லதல்ல. பல் தாண்டிவிட்டால் வால்வு பிஸ்டனில் அடிபடும்.

ஐடில் ஏறி இறங்கினால்

ஐடில் என்பது அக்சலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம். மேலே சொன்ன எயார் சோதனை முடியாமல் ஐடில் திருகைத் தொட வேண்டாம். எயார் உள்ள பம்புக்குத் திருகைக் கூட்டினால் நாளைக்கு எயார் போன பிறகு ஐடில் நிமிஷத்துக்கு 1,100 சுற்றில் நிற்கும். சூடேறிய எஞ்சினில் ஏசி நிறுத்தியிருக்க 700 முதல் 800 வரை இருந்தால் போதும்.

எயார் இல்லை, ஆனாலும் ஒரே தாளத்தில் "டுக், டுக்" என்று ஒரு சிலிண்டர் விடுகிறது என்றால், ஐடிலில் ஓடவிட்டு 17 ஸ்பானரால் ஒவ்வொரு நொசில் பைப்பின் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி உடனே இறுக்குங்கள். நட்டைத் தளர்த்தியதும் எஞ்சின் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. ஒன்றும் மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. கையில் சீலை சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணைத் தள்ளி வையுங்கள். கழற்றிய நொசிலின் நுனிக்கு முன்னால் மட்டும் கை போகவே கூடாது. 150 பார் அளவு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் போனால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

சோம்பேறிச் சிலிண்டரின் நொசிலை வேறொன்றுடன் மாற்றிப் போடுங்கள், ஒவ்வொரு தரமும் புதுச் செப்பு வொஷரோடு. 2சியில் அதற்கு 27 அளவு நீள சொக்கெட் வேண்டும். கோளாறு நொசிலோடு போனால் நொசில். அதே சிலிண்டரில் நின்றால் கொம்பிரஷன் பாருங்கள். 400 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் திருப்தி. 300க்குக் கீழே போனால் விடிய பிடிக்க மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

விடிய ஐடில் குறைந்து, சூடேறியதும் சரியாகிறதென்றால் பம்பின் பக்கத்தில் ரேடியேட்டர் தண்ணீர் போகும் மெழுகுக் கருவி, அதாவது எஞ்சின் ஆறியிருக்கும்போது ஐடிலைக் கூட்டிவிடுவது, செத்திருக்கலாம். சூடேறிய பிறகும் ஐடில் இறங்காவிட்டால் அது சிக்கியிருக்கிறது, அல்லது அந்தச் சின்னத் தண்ணீர்க் குழாய் அடைபட்டிருக்கிறது. ஸ்டியரிங்கும் சீற்றும் மட்டும் அதிர்ந்து சத்தம் ஒழுங்காக இருந்தால், எஞ்சின் மவுண்டின் ரப்பர் கிழிந்திருக்கும்.

பம்ப்தான் என்றால்

பம்பைக் குற்றம் சொல்ல ஒரு நேர்மையான அடையாளம் இருக்கிறது. விடிய நன்றாகப் பிடிக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலில் கந்தளாயிலிருந்து ஓடி வந்து, நிறுத்திப் பத்து நிமிஷத்தில் மறுபடி ஸ்டாட் பண்ணினால் வேகமாகச் சுற்றியும் பிடிக்காது. சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த தண்டின் ஓரத்தால் கசிந்துவிடுவதால் அழுத்தம் எழாது. எஞ்சின் நின்றிருக்கும்போது நனைத்த சாக்கைப் பம்பின் தலையில் பத்து நிமிஷம் போட்டு வைத்து மறுபடி ஸ்டாட் பண்ணுங்கள். பிடித்துவிட்டால் பம்ப் ரூமுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. ஓடுகிற சூடான பம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இறுகிவிடும்.

கழற்ற முதல் பம்ப் உடம்பும் எஞ்சின் பக்கத் தட்டும் சேரும் இடத்தில் உளியால் ஒரே கோடாக அடையாளம் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு விலகினால் டைமிங் விலகும். ரிட்டேன் பக்கத்துத் துளை போல்ட்டின் தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதன் பக்கத்துத் துளை ஊசி நுழைகிற அளவுதான், பம்புக்குள் அழுத்தம் நிற்பதே அதனால்தான். பார்வைக்கு அதேபோல இருக்கும் உள்வழி போல்ட்டோடு அது மாறிவிட்டால், புதிதாகச் செய்து வந்த பம்பும் டீசல் இல்லாமல் தவிக்கும். இரண்டையும் கழற்றிய உடனேயே தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள்.